கொட்டாஞ்சேனை வியாகுல மாதாவின் கழுத்து வெடிப்பு

2024 தவக்காலத்தின், அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலத்தின், இரண்டாம் வெள்ளி, பெப்ரவரி 23. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அங்கே ஒரு வீட்டின் முன்னறைதான் சிற்றாலயம். அக்கம்பக்கத்தார் கூடிச் சிலுவைப்பாதை சொல்லி முடித்து எழும்பும் நேரத்தில், பீடத்தில் நின்ற வியாகுல மாதா சொரூபத்தின் இடது தோளில் இருந்து உள்ளங்கை அளவு சாந்துத் துண்டு ஒன்று பெயர்ந்து மெழுகுதிரித் தட்டில் விழுந்தது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அன்றிரவு அந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் தச்சன். பழைய தளபாடங்களைப் பழுது பார்ப்பதுதான் தொழில். வருஷத்தில் ஒன்றிரண்டு சொரூபங்களும் பட்டறைக்கு வரும். அவற்றுக்கு மற்ற வேலைகளைவிட அதிக நேரம் எடுப்பேன், கூலி குறைவாகத்தான் வாங்குவேன்.

வீட்டுக்கார ஆச்சிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் முதலில் சொன்னது தோளைப் பற்றி அல்ல, கழுத்தைப் பற்றி.

"தவக்காலம் வந்தா தாய்க்குக் கழுத்து வெடிக்கும், மகன். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள் தொட்டு அப்படித்தான். பெற்ற பிள்ளையை நினைச்சு வேதனைப்படுறா. நாங்க பட்டிக் குழம்பு வைச்சு மூடுவம். அடுத்த வருஷம் திரும்பவும் வெடிக்கும்."

"இந்த முறையும் வெடிச்சதா, ஆச்சி?"

"இந்த முறை கழுத்து வெடிக்கேல்லை. தோள்தான் விழுந்துட்டுது."

கழுத்து வெடிக்காத வருஷத்தில் தோள் விழுந்திருக்கிறது. இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் போனது.

சொரூபத்தின் உயரம் 3 அடி 4 அங்குலம். நீல மேலாடை, உள்ளே ஊதா அங்கி, நெஞ்சில் தகரத்தில் செய்த ஒரு வாள். முகத்துக்குப் பளபளக்கும் எனாமல் பெயின்ட். கண்களுக்கு வெள்ளை பூசி, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்திருந்தார்கள். இடது கன்னத்தில் பயறளவு ஒரு மேடு. பெயின்ட் வழிந்து காய்ந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். "போர்த்துக்கீசர் காலத்துச் சொரூபம்" என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. ஆனால் மேலாடையின் மடிப்புகள் சாந்தில் வார்த்த மாதிரி வழவழப்பாக இருந்தன. போர்த்துக்கீசர் காலத்தில் இப்படிச் செய்யவில்லையே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

தூக்கிப் பார்த்தேன். அந்த உயரத்துக்கு எடை போதாது. வீட்டில் இருந்த தராசில் வைத்தால் 19 கிலோ. முழுக்கச் சாந்து என்றால் ஒரு ஆளால் தூக்கவே முடியாது. விரலால் தட்டினேன். பாவாடைப் பகுதி வெறும் பானை போலச் சத்தம் போட்டது. தலை அப்படி இல்லை. கதவைத் தட்டினால் வருகிற, எனக்குப் பழகிய மரச் சத்தம்.

போனில் பொருத்துகிற வயர் கமெரா ஒன்று என்னிடம் உண்டு. தோளில் விழுந்த ஓட்டை வழியாக அதை உள்ளே விட்டேன். ஆச்சியும் பேத்தியும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக்குக் கீழே உடம்பே இல்லை. இடுப்பில் இருந்து அடித்தளம் வரை ஆறு மரச் சட்டங்கள் கோழிக்கூடு மாதிரி விரிந்து நின்றன. அவற்றை அடித்திருந்த ஆணிகள் சதுரத் தலையோடு, கையால் அடித்துச் செய்த கொல்லன் ஆணிகள். அந்தக் கூட்டின் மேல் சணல் சாக்கைச் சுற்றி, அதற்கு மேல் சாந்து பூசியிருந்தார்கள். சாக்கைப் பிடித்திருந்தவை வேறு ஆணிகள், கம்பியில் இருந்து இயந்திரம் வெட்டிய உருண்டை ஆணிகள். இந்த வகை ஆணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. சாக்கின் ஓர் இடத்தில் மங்கலாக அச்செழுத்து. ‘ரங்கூன்’ என்ற சொல்லின் பின்பாதி. பர்மா அரிசி கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இறங்கிய காலத்து அரிசிச் சாக்கு அது.

ஆக ஒரே சொரூபத்தில் இரண்டு காலத்து ஆணிகள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சொரூபங்கள் நின்றிருக்கின்றன.

ஆச்சி மெல்ல எழுந்து உள்ளே போனார். அலுமாரியின் அடித்தட்டில் இருந்து பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொதியை எடுத்து வந்தார். கறுப்பு வெல்வெட்டில் தைத்த சின்னச் சட்டை. "செத்துப்போன பிள்ளை யாருடையதோ என்று நினைச்சு எறியாமல் வைச்சிருந்தம்," என்றார். பிரித்துப் பார்த்தேன். பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு, கட்டுவதற்கு நாடாக்கள். கைகளும் தோளில் இருந்து மணிக்கட்டு வரை திறந்து, நாடா வைத்துத் தைத்திருந்தன. உயிருள்ள பிள்ளைக்கு இப்படி ஒருவரும் தைப்பதில்லை, கையைத்தான் சட்டைக்குள் நுழைப்பார்கள். கையை நுழைக்க முடியாத ஒரு உருவத்துக்குச் சட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டியிருந்திருக்கிறது. இடுப்பை அளந்தேன். சட்டத்தின் மேல் வளையத்துக்கு அரை அங்குல வித்தியாசத்தில் பொருந்தியது.

இது உடை உடுத்தும் சொரூபம். போர்த்துக்கலிலும் ஸ்பெயினிலும், அவர்கள் போன எல்லா ஊர்களிலும் இருந்த முறை. போர்த்துக்கீசர் இதற்கு ‘இமாஜெம் டி ரோக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தலையும் நெஞ்சும் கைகளும் மட்டும் நுணுக்கமான செதுக்கு வேலை. மீதி மரச் சட்டம். அதன் மேல் உண்மைத் துணி. பவனியில் தோளில் சுமக்க இலேசாக இருக்கும், காலத்துக்கேற்ற நிறத்தில் உடை மாற்றலாம். வியாகுல மாதாவுக்கு இந்த முறை மிகவும் பொருந்தியது. பெரிய வெள்ளியன்று கறுப்பு உடுத்திய தாய் தெருவில் வரும்போது, துணி காற்றில் அசையும். மரத்திலோ சாந்திலோ அந்த அசைவு வராது.

தலையை இந்த முறையில் எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொழில்காரனாக என்னை அசத்திய பகுதி அதுதான்.

நன்கு உலர்ந்த மரக்கட்டை முதலில். இங்கே தேக்கு. கழுத்தின் உட்பக்கம் ஒரு சீவல் எடுத்து மோந்து பார்த்தேன், அந்த எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். வெளிப்புறம் சுருங்கி உள்புறம் சுருங்காமல் நின்றால் கட்டை பிளக்கும். அதனால் உள்ளே குடைந்துவிடுவார்கள். முகம் செதுக்கி முடிந்ததும், காதுக்கு முன்னால் மரம் அறுக்கும் வாள் வைத்து முகத்தை முகமூடி போல அறுத்து எடுப்பார்கள். செதுக்கிய முகத்தை அறுக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பது உளி பிடித்தவர்களுக்குத் தெரியும். பின்பக்கத்தில் இருந்து கண்குழியைக் குடைந்து, கண்ணாடிக் கண்களை மெழுகிலோ பசையிலோ பதித்து, முகத்தைத் திரும்ப ஒட்டிவிடுவார்கள். இமைகள் மரத்திலேயே இருப்பதால் கண் உள்ளே ஆழ்ந்து நிற்கும், நிஜக் கண் போல.

அதற்குப் பிறகு செதுக்கியவரின் வேலை முடிந்து வண்ணக்காரரின் வேலை தொடங்குகிறது. பெரும்பாலும் இவர் வேறு ஆள். தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரப் பசையில் சீமைச் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து, சூடாக, மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசுவார். முதலில் கரகரப்பானது, பிறகு வழவழப்பானது. காய்ந்ததும் தேய்த்தால் முட்டை ஓடு போல வந்துவிடும். அதன் மேல் ஈய வெள்ளையில் சொட்டுச் சாதிலிங்கம் கலந்து, எண்ணெயில் குழைத்த தோல் நிறம். அது முழுதாகக் காயும் முன் நனைத்த ஆட்டுச் சிறுநீர்ப்பைத் துண்டால் தேய்த்துத் தூரிகைக் கோடுகளே தெரியாமல் செய்வார்கள். கன்னச் சிவப்பை ஈரத்தோடு ஈரமாகக் கரைப்பார்கள். முழு உடம்பும் மரத்தில் செதுக்கிய சொரூபம் என்றால் உடைக்கு இன்னொரு வேலை உண்டு. செம்மண் களி பூசி, தங்க ரேக்கு ஒட்டி, வழுவழுப்பான கல்லால் மெருகேற்றி, அதன் மேல் வண்ணம் பூசி, பிறகு கூரான குச்சியால் வண்ணத்தைச் சுரண்டிப் பூவேலை வரைந்தால் உள்ளிருந்து தங்கம் கோடு கோடாக வெளியே வரும். நம் செட்டியார் தெருவில் நகை வேலை செய்பவர்கள் அதைப் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடுவார்கள்.

இந்த வேலைகளைச் செய்த கைகள் பெரும்பாலும் நம் பக்கத்துக் கைகள்தான். கோவாவில் மரமும் தந்தமும் செதுக்கியவர்கள் உள்ளூர்க் கைவினைஞர்கள். 1567இல் அங்கே கூடிய திருச்சபை அவை, கிறிஸ்தவர் அல்லாதவர்களிடம் திருப்பொருட்களைச் செய்யக் கொடுக்கக் கூடாது என்று தடை விதித்தது. அப்படி ஒரு தடை தேவைப்பட்டது என்றால் யார் கையில் அந்த வேலை இருந்தது என்று புரிகிறது. இலங்கைத் தந்த வேலையும் சளைத்தது அல்ல. கோட்டை இராச்சியத்தின் அரசர் லிஸ்பனுக்கு அனுப்பிய, 1540களின் தொடக்கத்தைச் சேர்ந்த தந்தப் பேழை ஒன்று இன்றும் மியூனிக் நகரில் இருக்கிறது.

‘போர்த்துக்கீசர் காலம்’ என்ற குடும்பப் பேச்சுக்கு வருகிறேன். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாடு தடையானது, குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதே பெருங்குற்றம். கோவாவில் பிறந்த புனித யோசேப் வாஸ் 1687இல் வந்தபோது பிச்சைக்காரர் வேடத்தில்தான் நடமாட வேண்டியிருந்தது. மாந்தையில் இருந்து மாதா சொரூபத்தை 1670இல் மடுக் காட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஒளித்துக் காப்பாற்றிய சொரூபங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதால், பழைய சொரூபம் எதைக் கண்டாலும் போர்த்துக்கீசர் காலம் என்று சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கருக்கு வழிபாட்டு உரிமையைத் திருப்பிக் கொடுத்த பிறகு, கோவாவில் இருந்து சொரூபங்கள் வெளிப்படையாகவே வரத் தொடங்கின. நடக்கும் தூரத்தில் இருக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் சொரூபம் 1822இல் அங்கிருந்து கொண்டுவரப்பட்டதுதான். நம் மாதாவின் தலையும் கோவா வேலை என்பது என் முடிவு. நேரான மூக்கு, வாதுமை வடிவக் கண்குழி, நெஞ்சில் செதுக்கிய துணியில் சீப்பால் வாரியது போல ஒரே சீராக இறங்கும் மடிப்புகள், எல்லாம் அந்தப் பட்டறைகளின் கை. காலத்தை நான் 1806க்குப் பிந்திய பத்திருபது வருஷங்களில் வைக்கிறேன். ஆச்சியிடம் அதைச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. "அப்ப அந்தோனியாரோட ஒரே கப்பல்ல வந்திருப்பா," என்றார்.

அப்படியானால் சாந்து எப்போது வந்தது, ஏன் வந்தது? 1883இல் கொழும்புத் திருச்சபையின் பொறுப்பு அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையிடம் வந்தது. 1886இல் முதல் பேராயரானவர் பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தோப் பொஞ்ஞான். அந்தக் காலத்தில் பாரிஸிலும் மியூனிக்கிலும் சொரூபத் தொழிற்சாலைகள் நடந்தன. களிமண்ணில் ஒரு மூல உருவம், அதில் இருந்து அச்சு, அச்சுக்குள் பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் ஊற்றிச் சணல் நார் வைத்து உள்ளே வெற்றிடமாக வார்ப்பு. ஒரே முகம், ஆயிரம் ஊர்களுக்கு. லூர்து குகையில் 1864இல் வைத்த மாதா உருவத்தின் நகல்கள் அப்படித்தான் உலகம் முழுக்கப் போயின. வழவழவென்ற வெள்ளை முகம், வார்த்த மடிப்புகள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் துணி உடுத்திய பழைய மாதா பழசாகத் தெரிந்திருக்கும். துணியும் இற்றுப்போகும், பூச்சி அரிக்கும், தைக்கத் தெரிந்த கைகளும் ஒன்றொன்றாக மறையும். யாரோ ஒருவர் அரிசிச் சாக்கைச் சுற்றிச் சாந்து பூசி, வெல்வெட்டை நிரந்தரமாக்கிவிட்டார். மாதா திரும்பத் திரும்ப உடை இல்லாமல் நிற்கக் கூடாது என்ற அன்பில்தான் செய்திருப்பார் என்று நம்புகிறேன். மடிப்புகளைப் பார்த்தால் அவசர வேலை இல்லை.

ஆனால் அங்கேதான் கழுத்து வெடிப்பும் தொடங்கியது.

ஜிப்சத்தைச் சுமார் 150 பாகையில் சுட்டால் அதில் உள்ள நீரின் பெரும்பகுதி போகும். தூளில் திரும்ப நீர் விட்டால் இறுகிக் கல்லாகும். இறுகிய பிறகு அது பருவத்துக்குப் பருவம் அசையாது. மரம் அசையும். காற்றில் ஈரம் கூடினால் ஊதும், குறைந்தால் சுருங்கும். எட்டு அங்குல அகலத் தேக்கு நெஞ்சைச் சாந்து நாலுபுறமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மழையில் மரம் ஊதி நிற்கும். ஜனவரி, பெப்ரவரியில் காற்று காய்ந்தால் சுருங்கி, சாந்தில் இருந்து விலகும். கழுத்தைச் சுற்றிக் கோடு விழும். தவக்காலம் வருவதும் கிட்டத்தட்ட அதே நேரம்.

வெடிப்பால் சொரூபத்துக்குக் கெடுதல் இல்லை. மூடியதால்தான் கெடுதல். காய்ந்த மாதத்தில் இடைவெளியைப் பட்டியால் அடைத்தால், மழை மாதத்தில் மரம் ஊத இடம் இல்லை. பட்டி ஆப்பாகிவிடும். முற்காலத்தில் கல் உடைத்தவர்கள் பாறையில் துளை போட்டு மர ஆப்பு இறுக்கி நீர் ஊற்றிப் பிளந்தது இதே சக்தியால்தான். நல்ல காலமாக வீட்டார் வைத்த பட்டி மென்மையானது. அதுவே நசுங்கி உதிர்ந்து, மரத்துக்கு வழி விட்டது. ஆனால் 2023 பெப்ரவரியில் ஒரு பெயின்டர் வந்து, "இனி வெடிக்கவே வெடிக்காது" என்று சொல்லி, இரண்டு குழம்பைக் கலந்து வைக்கும் எபொக்சிப் பட்டியால் கழுத்தை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னபடியே கழுத்து வெடிக்கவில்லை. அந்த வருஷ மழையில் மரம் ஊதியது, எபொக்சி அசையவில்லை, தள்ளு முழுவதும் தோளுக்குப் போனது. உள்ளே விரிந்த தோள், தவக்காலத்தில் விழுந்தது.

இதை நான் ஊகமாக விட விரும்பவில்லை. எபொக்சியைச் சிறு வாளால் பல் பல்லாக அறுத்து எடுத்தேன், ஒன்பது நாள் வேலை. பிறகு பீடத்துக்குப் பின்னால் ஓர் ஈரப்பதமானியை வைத்து, மாதம் ஒரு முறை கழுத்து இடைவெளியை மெல்லிய இரும்புத் தகட்டளவிகளால் அளந்தோம். நவம்பரில் 0.3 மில்லிமீற்றர். அடுத்த பெப்ரவரி 8ஆம் திகதி 0.8. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2025இல் விபூதிப் புதன் மார்ச் 5ஆம் திகதிதான் வந்தது. தவக்காலம் தொடங்க மூன்றரைக் கிழமைக்கு முன்பே கழுத்து விரிந்துவிட்டது.

சாந்தை முழுக்க உடைத்து எடுத்துப் பழைய உடை சொரூபமாக மாற்றலாமா என்று பேத்தி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். மூன்று தலைமுறை இந்த நீல மேலாடையைப் பார்த்துத்தான் செபித்திருக்கிறது. சாந்து பூசியவரின் கையும் ஒரு கைதான். விழுந்த துண்டைப் பராலொயிட் பி-72 பசையில் ஒட்டினேன். பின்னால் ஒருவர் வேறு முடிவு எடுத்தால், அசிடோன் தொட்டு அதைக் கழற்றிவிடலாம். கழுத்து இடைவெளியை அடைக்கவில்லை. கரப்பான் போகாமல் இருக்க மென்மையான கம்பளித் துணிப் பட்டி ஒன்றை மட்டும் தளர்வாகச் சுற்றி வைத்தேன்.

முகத்து எனாமலைப் பற்றி நிறைய யோசித்தேன். காதுக்குப் பின்னால் நகத்தளவு இடத்தில் அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தேன். மேலே பளபளப்பு எனாமல், கீழே இளஞ்சிவப்பு எனாமல், அதற்குக் கீழே இன்னும் இரண்டு, பிறகு ஒரு அரக்கு மெருகு. புற ஊதா ஒளி டோர்ச்சில் அது செம்மஞ்சளாக மின்னியது, தளபாடத்தில் தினமும் பார்க்கும் நிறம். எல்லாவற்றுக்கும் அடியில் தந்த நிறத்தில் அந்த முட்டை ஓடு. முழு முகத்தையும் உரிக்க எனக்குக் கை வரும், ஆனால் மனம் வரவில்லை. அடியில் ஈய வெள்ளை இருப்பதால் உலர்ந்தபடி தேய்ப்பது ஆளுக்கும் ஆபத்து. அதற்கென்றே படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. கண்களை மட்டும் திறப்பது என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

பஞ்சுக் குச்சியில் ஒரு துளி அசிடோன், பிறகு சத்திரசிகிச்சைக் கத்தியின் நுனி. வெள்ளைப் பெயின்ட் செதில் செதிலாக எழும்பியது. வலது கண்ணின் கீழ் இமையில் இருந்து தொடங்கினேன். நாற்பது நிமிடத்தில் கருவிழி தெரிந்தது. கறுப்பு இல்லை, தேன் நிறம். கண்ணாடிக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி. இடது கண்ணை முடித்துவிட்டு, கன்னத்தில் இருந்த அந்தப் பயறளவு மேட்டையும் சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் விலகியதும் விளக்கொளி உள்ளே போய்த் திரும்பி வந்தது. அது கண்ணாடியில் செய்த கண்ணீர்த் துளி.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஆச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, நெடுநேரம் பார்த்தார். "எங்கட அம்மாவும் இதைப் பார்க்கேல்லை," என்றார். பிறகு முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கழுத்தை மறைக்கப் பேத்தி வெள்ளை லேஸில் ஒரு பட்டி தைத்தார். பழைய வெல்வெட் சட்டையைப் பார்த்து, அதே மாதிரிப் பின்பக்கம் நாடா வைத்துத்தான் தைத்தார், மாதம் ஒரு முறை அவிழ்த்து அளக்க வேண்டுமே. பெப்ரவரி 8ஆம் திகதி 0.8 என்று நான் சொன்னபோது, இந்த வருஷம் தவக்காலம் இன்னும் தொடங்கவில்லையே, ஆச்சி என்ன நினைப்பாரோ என்று எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அவர் நாட்காட்டியைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார்.

"தாய்க்கு முந்தியே தெரியும்தானே, மகன்," என்றார். "நாடாவை இறுக்கிக் கட்டாதை."